பிக்கப்பில் பெரிய டீசல் டேங்க்: கணக்கு எங்கே தவறுகிறது?

ஆஸ்திரேலியாவில் ஹைலக்ஸ், ரேஞ்சர் மாதிரி இரட்டைக் கேபின் பிக்கப் வாங்குகிறவர்களில் நிறையப் பேருக்கு முன்னால் ஒரு புல்பார் (முன்பக்கம் மோதலைத் தாங்கும் கனமான கம்பி அரண்), அடியில் ஒரு பெரிய டேங்க் இரண்டும் வேண்டும். கம்பெனி டேங்க் 80 லிட்டர். அதைக் கழற்றிவிட்டு 140 லிட்டர் அளவுக்கு மாட்டித்தரக் கடைகள் இருக்கின்றன. தேவையா என்றால், பெரும்பாலானவர்களுக்குத் தேவையில்லை. சிலருக்குத் தேவை. தாங்கள் எந்தப் பக்கம் என்று பார்க்காமலே பலர் காசைக் கட்டிவிடுகிறார்கள்.

"பாலைவன நாடு, வழியில் எண்ணெய் கிடைக்காது" என்ற பயம்தான் முக்கியக் காரணம். வரைபடத்தை விரித்துப் பார்த்தால் அது கொஞ்சம் தெளியும். நல்லார்பார் என்னும் மரமில்லாத பெரும் சமவெளியைக் கடக்கும் ஐர் நெடுஞ்சாலையில் நார்ஸ்மனிலிருந்து பல்லடோனியா வரை சுமார் 190 கி.மீ. எண்ணெய் கிடைக்கும் இடங்களுக்கு நடுவே அந்தச் சாலையில் உள்ள பெரிய இடைவெளிகளில் அது ஒன்று. கனமான கேரவனை இழுத்துக்கொண்டு போனாலும் 80 லிட்டரில் பாதிதான் செலவாகும். கிரேட் சென்ட்ரல் சாலையில் லாவர்டனிலிருந்து ட்ஜுகயிர்லா வரை 300 கி.மீ. சொச்சம். அதற்கும் கம்பெனி டேங்க் போதும், மனத்திருப்திக்கு ஒரு ஜெரி கேன் (எண்ணெய் எடுத்துப்போகும் தனிக் கேன்) கூட இருக்கட்டும்.

இன்னொரு கோடியில், பாலைவனத்தின் ஊடே போகும் கேனிங் ஸ்டாக் ரூட் என்ற தடம். வைலூனாவில் கிளம்பினால் அடுத்து எண்ணெய் கிடைக்கும் குனவரிட்ஜி வரை ஏறத்தாழ 1,000 கி.மீ., அதுவும் மணல்மேடுகளின் மேல். 100 கி.மீ.க்கு 20 லிட்டர் என்று வைத்தாலே 200 லிட்டர் ஆகிறது. அங்கே 140 லிட்டர் டேங்க்கும் பத்தாது, கேன்களும் சேர்த்துத்தான் தூக்கிப்போக வேண்டும்.

ஆக, பெரிய டேங்க் கச்சிதமாகப் பொருந்துவது நடுவில் உள்ள பயணங்களுக்கு. சிம்சன் பாலைவனத்தை மவுண்ட் டேரிலிருந்து பேர்ட்ஸ்வில்லுக்குக் கடப்பது நல்ல உதாரணம்: 500 கி.மீ.க்கு மேல், மணலில் 100 முதல் 110 லிட்டர், திரும்பிப் போக நேர்ந்தால் என்று இன்னும் இருபது சதவீதம். 140 அங்கே சரியாக உட்காருகிறது. இப்படியான பயணம் வருஷா வருஷம் போகிறீர்களா, ஆயுளில் ஒரு தடவையா என்பதைப் பொறுத்துத்தான் முடிவெடுக்க வேண்டும்.

விளம்பரத் தாளில் உள்ள மைலேஜை வைத்துக் கணக்குப் போடுவது அடுத்த தவறு. 100 கி.மீ.க்கு 8 லிட்டர் என்று போட்டிருந்தால் 80 லிட்டரில் 1,000 கி.மீ. என்று மனசு பெருக்கிக்கொள்ளும். கூரை ரேக், பெரிய டயர், பின்தட்டை மூடும் கனோபி எல்லாம் ஏற்றிய வண்டி 12 லிட்டர் குடிக்கும். கடைசிச் சொட்டு வரை ஓட்டவும் முடியாது. 70 லிட்டர்தான் கைக்கு வரும் என்று வைத்தால் 580 கி.மீ. கேரவன் மாட்டினால் 350 ஆகச் சுருங்கும். அதே சமயம் செலவில்லாமல் தூரத்தைக் கூட்டவும் வழி இருக்கிறது. 110 கி.மீ. வேகத்தில் வண்டியின் மேல் காற்று கொடுக்கும் எதிர்ப்பு, 90இல் இருப்பதைப் போல ஏறக்குறைய ஒன்றரை மடங்கு. காலைக் கொஞ்சம் தூக்கினால் அந்த மிச்சம் கையில். வெறும் கூரை ரேக்கைக் கழற்றி வைக்கலாம். இதையெல்லாம் சொன்னால் யாருக்கும் பிடிக்காது. டேங்க் வாங்குவது இன்னும் சுவாரசியமான வேலை.

எடையைத்தான் மிகப் பலர் கோட்டை விடுகிறார்கள். 60 லிட்டர் டீசல் கூடினால் 50 கிலோ. இரும்பு டேங்க், பழைய பிளாஸ்டிக் டேங்கைவிட இருபது முப்பது கிலோ கூடவே இருக்கும். இதென்ன பிரமாதம் என்று தோன்றும். ஜிவிஎம் என்கிற மொத்த எடை வரம்பிலிருந்து வெறும் வண்டியின் எடையைக் கழித்தால், இந்த வகை பிக்கப்பில் கையில் நிற்பது ஒரு டன்னுக்குச் சற்றுக் குறைவு. நான்கு ஆட்களுக்கு 320 கிலோ, புல்பாருக்கு 60, கனோபிக்கு 80 போய்விடும். 2,500 கிலோ கேரவனை மாட்டினால் அதன் கொக்கி 250 கிலோ அளவுக்கு வண்டியின் மேல் அழுத்தும், அதுவும் இதே கணக்கில்தான் வரும். இப்போதே 700ஐத் தாண்டியாகிவிட்டது. தண்ணீர், ஃப்ரிட்ஜ், இரண்டாவது பேட்டரி, கூடாரம், கருவிப் பெட்டி இன்னும் ஏறவே இல்லை. வரம்பைத் தாண்டினால் அபராதம் ஒரு பக்கம், விபத்து நடந்தால் காப்பீட்டுக்காரர் கைவிரிக்கவும் வாய்ப்புண்டு. அதனால் டேங்குக்கு ஆர்டர் கொடுக்கும் முன், பயணத்துக்குப் போகிற மாதிரியே வண்டியை நிரப்பி எடைமேடையில் ஒருமுறை ஏற்றிப் பாருங்கள். டேங்குக்குச் சாதகமாகச் சொல்ல வேண்டியதும் ஒன்று உண்டு: எண்ணெயைத் தாழ்வாக, இரண்டு அச்சுகளுக்கு நடுவில் வைக்க அதைவிட நல்ல இடம் கிடையாது.

"நகரத்தில் மலிவாக நிரப்பிக்கொண்டு போகலாம், டேங்க் காசு திரும்பிவிடும்" என்பார்கள். டேங்க், மாட்டும் கூலியெல்லாம் சேர்த்து 1,500 டாலர் என்று வைத்துக்கொள்வோம். ரோட்ஹவுஸில் (நெடுஞ்சாலையோர எண்ணெய், சாப்பாட்டுக் கடை) லிட்டருக்கு 60 சென்ட் கூடுதல் என்றாலும் கூடுதல் 60 லிட்டரில் மிச்சம் 36 டாலர். அப்படி 42 தடவை நடந்தால்தான் முதல் திரும்பும். ரோட்ஹவுஸ் பக்கமே ஆண்டுக்கு ஒருமுறை போகிறவருக்கு இது கதைக்கு உதவாது.

மாட்டிய பிறகும் சில சங்கடங்கள் உண்டு. மீட்டரும் 'இன்னும் இத்தனை கி.மீ. ஓடும்' என்று காட்டும் கணிப்பும் பழைய டேங்கின் வடிவத்துக்கு ஏற்றவை. புதியதில் அவற்றை நம்ப முடியாது. ட்ரிப் மீட்டரை வைத்து, நிரப்பிய பிறகு ஓடிய தூரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். ஊருக்குள் ஓடும்போது எப்போதும் 140 லிட்டரும் நிரப்பி வைப்பதும் வீண் சுமைதான். அப்புறம், எல்லா எண்ணெயும் ஒரே டேங்கில் இருந்தால், தண்ணீர் கலந்த டீசல் ஓரிடத்தில் ஏறிவிட்டால் அத்தனையும் கெட்டது. இன்றைய டீசல் இன்ஜெக்டர்கள் அதைப் பொறுக்காது. தனிக் கேனில் கொஞ்சம் நல்ல எண்ணெய் இருப்பது அப்போது காப்பாற்றும்.

ஒரே ஒரு சிம்சன் பயணம்தான் திட்டம் என்றால் மூன்று 20 லிட்டர் ஜெரி கேன் போதும். டேங்க் தரும் அதே 60 லிட்டர். கேன்களைக் கூரையில் ஏற்றாதீர்கள், மணல்மேட்டில் சாயும்போது உயரத்தில் இருக்கும் எடைதான் வண்டியைக் கவிழ்க்கும். பெட்ரோல் வண்டி என்றால் இன்னும் கவனம் வேண்டும். கேனைக் கேபினுக்குள் வைக்கவே கூடாது. பிளாஸ்டிக் விரிப்பு போட்ட பின்தட்டில் வைத்தபடி பங்க்கில் நிரப்பவும் கூடாது. அந்த விரிப்பு, உரசலில் சேரும் நிலைமின்சாரத்தைத் தரைக்குப் போக விடாது. ஒரு பொறி போதும், தீப்பிடித்துவிடும். கேனை இறக்கித் தரையில் வைத்து, குழாய்முனை கேனின் வாயைத் தொட்டபடி நிரப்ப வேண்டும். பாலைவனத்துக்குள் போன பிறகு, டேங்கில் 20 லிட்டர் இடம் விழுந்ததுமே சமதரையில் வண்டியை நிறுத்தி, இன்ஜினை அணைத்து, முதல் கேனை ஊற்றிவிடுங்கள்.