‘எ’ போடுவதா, ‘ஆன்’ போடுவதா? தமிழில் எழுதிப் பாருங்கள்

ஆங்கிலம் கற்கத் தொடங்கியவர்கள் தவறாமல் கேட்கும் கேள்வி இது: ‘யுனிவர்சிட்டி’ உயிரெழுத்தில்தானே தொடங்குகிறது, ‘ஒரு’ என்று சொல்ல அதற்கு முன் ‘ஆன்’ (an) அல்லவா வர வேண்டும், அப்புறம் ஏன் ‘எ (a) யுனிவர்சிட்டி’? பள்ளியில் மனப்பாடம் செய்த ‘ஏ, ஈ, ஐ, ஓ, யூ’தான் இங்கே ஆளைக் கவிழ்க்கிறது. இந்த இடத்தில் எழுத்துக்கு வேலையே இல்லை, ஓசைதான் கணக்கு. ‘ஓர் ஊர்’, ‘ஒரு வீடு’ என்று எழுதுகிறோமே, அதே சங்கதிதான்.

படி 1: சொல்லை வாய்விட்டுச் சொல்லுங்கள். காதில் விழுந்தபடியே தமிழில் எழுதுங்கள். முதலெழுத்து அ முதல் ஔ வரையுள்ள 12 உயிரில் ஒன்றா? ‘ஆன்’ போடுங்கள். வேறெந்த எழுத்தானாலும் ‘எ’. அம்ப்ரெல்லாவும் யூனிஃபார்மும் ஆங்கிலத்தில் ஒரே எழுத்தில் தொடங்குபவை. ஆனாலும் ‘ஆன் அம்ப்ரெல்லா’, ‘எ யூனிஃபார்ம்’. ஒரு மணி நேரம் என்பதற்கு ‘ஆன் அவர்’. ஸ்பெல்லிங்கில் இருக்கும் ‘ஹெச்’ வாயில் வருவதில்லை.

படி 2: சுருக்கப் பெயர்களுக்கும் இதே சோதனைதான். ஆன் எம்.எல்.ஏ., ஆன் எஃப்.ஐ.ஆர்., ஆன் எக்ஸ்ரே. ஆனால் எ யூ.பி.எஸ். ‘ஹெச்.ஆர். மேனேஜர்’ மட்டும் கொஞ்சம் வம்பு. அந்த எழுத்தின் பெயரை அகராதிகள் ‘எய்ச்’ என்றே முதலில் தருகின்றன. நம் ஊரில் ‘ஹெச்’ என்கிறோம். பேச்சில் எப்படியோ போகட்டும், பரீட்சையில் ‘ஆன்’ போடுவதுதான் பாதுகாப்பு.

படி 3: அடுத்து வரும் சொல்லை மட்டும் பாருங்கள். ஆன் ஆப்பிள், ஆனால் எ ரெட் ஆப்பிள். எ பாய், ஆனால் ஆன் ஆனஸ்ட் பாய்.

படி 4: நம் தமிழ் நாக்கே சில இடங்களில் ஏமாற்றும். இதில்தான் நிதானம் வேண்டும்.

‘உமன்ஸ் காலேஜ்’ என்று போர்டில் எழுதுகிறோம். ஆங்கிலத்தில் அந்தச் சொல் உதட்டைக் குவித்து, ‘வு’ போல ஒலித்துத் தொடங்கும். அதனால் ‘எ உமன்’. ‘ஒன் வே’யும் இப்படித்தான், உண்மையில் அது ‘வன்’, ஆகவே ‘எ ஒன்-வே ஸ்ட்ரீட்’.

வருடத்தையும் காதையும் ‘இயர்’ என்றே எழுதுகிறோம், இல்லையா? வருடத்தின் தொடக்கத்தில் மெல்லிய ‘ய்’ ஒன்று உண்டு, காதுக்குக் கிடையாது. எனவே ‘எ இயர்’ என்றால் வருடம், ‘ஆன் இயர்’ என்றால் காது.

தலைகீழாகவும் நடக்கும். எலியை ‘யெலி’ என்கிற பழக்கத்தில் முட்டையை ‘யெக்’ என்போம். ஆங்கிலத்தில் அந்த ‘ய்’ இல்லை: ஆன் எக்.

ஐயம் தீரவில்லையா? அகராதிச் செயலியில் அந்தச் சொல்லுக்குப் பக்கத்தில் இருக்கும் ஸ்பீக்கர் படத்தைத் தட்டி, கேட்டுவிட்டு எழுதுங்கள்.