கூடைமலையை விட்டு வெளியேறாத ஆட்டம்

மேசையைச் சுற்றி அமர்ந்து பாத்திரமேற்று ஆடும் கதை ஆட்டத்தில், ஒரு கடைக்காரரை ஏமாற்றிவிட்டு அடுத்த வாரமே வேறு நாட்டுக்குப் போய்விடும் வீரர்கள் அவருடைய முகத்தை மறுபடியும் பார்க்க வேண்டியதில்லை. ஒரே ஊருக்குள் நடக்கும் ஆட்டத்தில் அதற்கு வழியில்லை. மறுநாள் விளக்குக்கு எண்ணெய் வாங்க அவரிடமே போய் நிற்க வேண்டும். 1974ஆம் ஆண்டு கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்னசனும் உருவாக்கி வெளியிட்ட டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் முதலாக, இவ்வகை ஆட்டங்கள் பெரும்பாலும் நிலவறைகளையும் நெடும்பயணங்களையும் நம்பியே வளர்ந்துள்ளன. நடத்துநர் ஒருவர் ஊருக்கும் ஊராருக்கும் குரல் கொடுக்க, மற்றவர்கள் ஆளுக்கொரு பாத்திரமேற்று, முடிவு தெரியாத இடங்களில் இருபது முகப் பகடையை உருட்டும் அதே ஆட்டத்தை ஒரு சிற்றூருக்குள்ளேயே நடத்தவும் முடியும். இலங்கையின் மலையகத்தில், ஹற்றனுக்கு அருகில் ஐந்து இளைஞர்களுடன் ஞாயிறு பிற்பகல்களில், கூடைமலை என்ற கற்பனை ஊரில், நான் நடத்திவரும் கேம்பேனில், அதாவது வாரந்தோறும் தொடரும் நெடுங்கதை ஆட்டத்தில், கற்றுக்கொண்டவற்றை, இதைத் தொடங்க விரும்புவோருக்காக எழுதுகிறேன்.

ஊரை முதலில் சிறிதாக வையுங்கள். ஒரு தாளில் அடங்கும் ஆறு இடங்கள் போதும். கூடைமலையில் கடைத்தெரு, கோயில், தண்ணீர் பிடிக்கும் பீலிக்கரை, பறித்த கொழுந்தை நிறுக்கும் மடுவம், மேட்டில் ஒரு பங்களா, ஆற்றின் மேல் ஒற்றைப் பாலம் ஆகியவை மட்டுமே உள்ளன. பிறகு பன்னிரண்டு பேரை எழுதி, ஒவ்வொருவருக்கும் ஊருக்குள் இரண்டு உறவுகளையும் ஒரு கடனையும் கொடுங்கள். எந்தச் செய்தி எந்த இடத்தில் புழங்கும் என்பதையும் குறித்து வையுங்கள். விடியற்காலையில் பீலியில் தண்ணீர் பிடிக்கும் பெண்கள் அறிந்த ஒன்று பங்களாவுக்கு எட்ட மூன்று நாளாகும் என்றால், அந்த மூன்று நாட்களே வீரர்களுக்குக் கிடைக்கும் அவகாசம். நம் தேயிலைத் தோட்டங்களுக்குப் பதிவேட்டில் ஓர் ஆங்கிலப் பெயரும் மக்கள் வாயில் ஒரு தமிழ்ப் பெயரும் இருப்பதைப் போல, ஆட்டத்தின் இடங்களுக்கும் இரண்டு பெயர்கள் வையுங்கள். ஒருவர் எந்தப் பெயரைச் சொல்கிறார் என்பதை வைத்தே அவர் எந்தப் பக்கத்து ஆள் என்று வீரர்கள் விரைவில் கண்டுபிடித்துவிடுவார்கள்.

அடுத்து, அவர்கள் ஏன் ஊரை விட்டுப் போவதில்லை என்ற கேள்விக்கு விடை வேண்டும். மாயச் சுவர், சாபம், காட்டில் கொடிய விலங்கு என்று எதையேனும் வைத்து அடைத்துவிடலாம். ஆனால் அடைத்த கதவைக் கண்டால் உடைக்கத்தான் தோன்றும் என்பதால், ஆட்டம் முழுவதும் அந்தச் சுவரோடு மோதுவதிலேயே கழியும். எனக்கு விடை நம் மலையக வரலாற்றிலேயே கிடைத்தது. ஒரு தொழிலாளி எவ்வளவு கடனைத் தீர்த்தால் தோட்டத்திலிருந்து விடுவிக்கப்படுவார் என்று எழுதிய சீட்டுக்குத் துண்டு என்று பெயர். அந்தத் தொகையைக் கொடுக்க வேறொரு தோட்டம் முன்வந்தால் அவர் அங்கே போகலாம், ஆனால் கடனும் அவரோடு போகும். 1921ஆம் ஆண்டில் அம்முறை சட்டத்தால் ஒழிக்கப்பட்டது. கூடைமலையில் ஒவ்வொரு வீரருக்கும் அப்படியொரு துண்டு உண்டு. பாலத்தைக் கடக்க அவர்களுக்கு எந்தத் தடையும் இல்லை, ஆனால் அவர்கள் கடந்த மறுநாளே அந்தத் தொகை பிணை நின்ற மாமன் பெயருக்கோ தாயின் பெயருக்கோ மாறிவிடும். முதல் மாதத்தில் ஒருவர் பாலத்தின் நடுவரை நடந்து சென்று திரும்பி வந்தார். நான் ஒரு சொல்லும் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

இங்கே ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். இந்தக் கடன் நம்மில் பலருக்குப் பாட்டன் பாட்டியின் வாழ்க்கை. அதை விளையாட்டில் தொடுவதற்கு முன் மேசையில் இருக்கும் ஒவ்வொருவரிடமும் தனித்தனியே சம்மதம் கேளுங்கள். ஒருவர் வேண்டாம் என்றால் வேறு காரணம் தேடுங்கள். நோயுற்ற தந்தை, கோயிலுக்கு வைத்த நேர்த்திக்கடன், இன்னும் நடக்காத ஒரு திருமணம் ஆகியவையும் ஒருவரை ஊரோடு கட்டிவைக்கும்.

ஊர் எதையும் மறக்காது என்பதை வீரர்களுக்கு உணர்த்த நான் பயன்படுத்தும் ஒரே கருவி சீ.ஆர். கொப்பி என்ற பெரிய குறிப்பேடு. அதைச் சில்லறைக் கடையின் பற்றுக் கொப்பி போலவே கோடிட்டு, ஒவ்வொரு பாத்திரத்துக்கும் ஒரு பக்கம் ஒதுக்கி, இடப்புறம் அவர் ஊருக்குச் செய்ததையும் வலப்புறம் ஊர் அவருக்குச் செய்ததையும் எழுதுகிறேன். திருடன் பாத்திரமேற்ற ஒருவர் மூன்று ஆட்டங்களாக அரிசியும் கயிறும் கடனுக்கே வாங்கினார். கடைக்காரர் கடிந்துகொள்ளவில்லை, ஒவ்வொரு முறையும் கொப்பியைத் திருப்பி எழுதிக்கொண்டார். நானும் மேசையில் உண்மையான கொப்பியைத் திருப்பி, உண்மையான பேனையால் எழுதினேன். நான்காம் ஆட்டத்தில் காவலர் துரத்த அந்தத் திருடன் கடையின் பின்கதவைத் தட்டியபோது, கடைக்காரர் கதவைத் திறந்து, விளக்கை அணைத்து, அவரை அரிசி மூட்டைகளுக்குப் பின்னால் உட்காரவைத்துவிட்டு, "தம்பி, விடிஞ்சதும் நான் ஒண்ணு கேப்பேன், முடியாதுன்னு சொல்லக் கூடாது" என்றார். அன்று பகடை உருளவே இல்லை, ஆனாலும் ஐந்து பேரும் மூச்சை அடக்கிக்கொண்டிருந்தார்கள்.

வெளியுலகத்தை ஊருக்குள் கொண்டுவரும் வேலையை நாட்காட்டியிடம் விடுங்கள். சிவனொளிபாதமலைப் பருவம் டிசம்பர் பௌர்ணமியில் தொடங்கி வெசாக் பௌர்ணமி வரை நீள்வதால், அந்த மாதங்களில் முன்பின் தெரியாத மனிதர்கள் மலையடிவார ஊர்களைக் கடந்து போகிறார்கள். கூடைமலைக்கும் அப்படியொரு யாத்திரைக் காலம் உண்டு, ஒற்றனும் வைத்தியனும் தப்பி ஓடிவந்தவனும் அதில்தான் வருகிறார்கள். மாசியில் காமன் கூத்து நடக்கும்போது ஊர் முழுவதும் ஒரே இடத்தில் இரவெல்லாம் விழித்திருக்கும். வீடுகள் வெறிச்சோடிக் கிடக்கும் அந்த இரவை ஒரு திருட்டுக்கோ ஒரு சந்திப்புக்கோ ஒதுக்கி வைக்கலாம். தென்மேல் பருவமழையில் மண் சரிந்து பாதை மூடும். சம்பள நாளில் பழைய வழக்கெல்லாம் தெருவுக்கு வரும்.

பெரும்பகையாக அரக்கனையோ படையையோ விட, மெதுவாக வரும் கேடே ஓர் ஊருக்குப் பொருந்தும். 1869ஆம் ஆண்டில் இலங்கையில் கோப்பி இலைகளில் கண்டறியப்பட்ட துருநோய், அடுத்த இருபது ஆண்டுகளுக்குள் அந்தப் பயிர்த்தொழிலையே வீழ்த்தியது; 1867இல் லூல்கந்துரையில் ஜேம்ஸ் டெய்லர் 19 ஏக்கரில் பயிரிட்ட தேயிலை அதன் இடத்தைப் பிடித்தது. கூடைமலையின் மூலிகைச் செடிகளிலும் அப்படியொரு செம்பொடி படிகிறது. அதை ஐந்து படிகளாகப் பிரித்து, ஒவ்வொரு படிக்கும் கண்ணால் காணக்கூடிய ஒரே ஓர் அடையாளம் எழுதினேன். முதற்படியில் ஒரு பெண்ணின் விரல் நுனி செம்மஞ்சளாக இருந்தது. இரண்டாவதில் மடுவத்தில் கூடைகள் பாதி நிறைந்து வந்தன. மூன்றாவதில் கடைக்காரர் கடன் கொடுப்பதை நிறுத்தினார், அப்போதுதான் வீரர்கள் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள். வீரர்கள் தலையிட்டால் ஒரு படி தள்ளிப்போகும், தலையிடாவிட்டால் மாதந்தோறும் ஒரு படி முன்னேறும் என்பது மட்டுமே விதி.

தெய்வங்களையும் பேய்களையும் வெட்டி வீழ்த்தும் பகைவராக வைக்காமல், அண்டை வீட்டாராக வையுங்கள். தேயிலைச் செடியை வெட்டிவிடும் கவ்வாத்து வேலைக்குக் கவ்வாத்துச்சாமியும் தொழிற்சாலைச் சக்கரங்களுக்கு ரோதமுனியும் காவல் என்று நம் தோட்டங்களில் வழிபடுவதைப் போல, கூடைமலையின் ஒவ்வொரு மலைக்கும் வேலைக்கும் ஒரு காவல் உண்டு. அதற்குக் கொடுத்த வாக்கை மீறியவர் யார் என்று தேடிக் கண்டுபிடிப்பதே எங்கள் ஆட்டத்தில் பேயோட்டும் முறை.

பொன்னையும் வல்லமையையும் அளந்து கொடுங்கள். இவ்வாட்டத்தில் பாத்திரங்கள் வல்லமை பெருகப் பெருக நிலை நிலையாக ஏறும்; ஐந்தாம் நிலைக்கு மேல் ஏறிய மந்திரவாதிக்கு முன்னால் சிற்றூர்க் காவலர்கள் பொருட்டே இல்லை என்பதால், நான் ஐந்தோடு நிறுத்திவிட்டு, அதற்கு மேல் பட்டம், நிலம், கோயில் மரியாதை, பஞ்சாயத்தில் பேசும் உரிமை ஆகியவற்றையே பரிசாகக் கொடுக்கிறேன். சண்டை அரிதாக வரட்டும். ஆனால் யாரேனும் இறந்தால், எதிரியே ஆனாலும், அடுத்த ஆட்டத்தை அவருடைய இழவு வீட்டில் தொடங்குங்கள். கொன்றவரும் அங்கே போய் உட்கார வேண்டியிருக்கும், யார் பக்கத்தில் உட்காருவது என்பதை அவரே முடிவு செய்யட்டும்.

ஒவ்வொரு ஆட்டமும் முடிந்தபின் பத்து நிமிடம் ஒதுக்கி, இன்று யாருக்குக் கடன்பட்டீர்கள், யார் உங்களுக்குக் கடன்பட்டார்கள் என்று ஒவ்வொருவரிடமும் கேட்டு, அவர்கள் சொல்வதை அவர்கள் கையாலேயே கொப்பியில் எழுதவையுங்கள். அடுத்த ஞாயிறு அதில் ஒரு வரியைத் தேர்ந்து உரக்க வாசித்து, அந்த வரியில் பெயர் உள்ள ஊர்க்காரர் கதவைத் தட்டுவதிலிருந்து ஆட்டத்தைத் தொடங்குங்கள்.