குளொக் பிஸ்டலின் ட்ரிகரை மாற்றப் போகிற மருமகனுக்கு

தங்கச்சியின் மகன் டெக்சாஸிலிருந்து லீவில் வந்து நிற்கிறான். நேற்றுப் பின்னேரம் மட்டக்களப்புக் கல்லடிப் பாலத்தடியில் பிளேன்டீ குடித்துக்கொண்டிருக்கும்போது மெல்லக் கேட்டான், “மாமா, என்ட குளொக்குக்கு நல்ல ட்ரிகர் ஒன்று போட யோசிக்கன், எது நல்லம்?” நானும் அந்தப் பக்கம் 11 வருசம் இருந்து சனிக்கிழமைகளில் மட்ச் சுட்டவன், இரண்டு பிஸ்டலை இப்படி நோண்டி ஒன்றைக் கெடுத்தும் வைத்தவன். அவனுக்கு வாயால் சொன்னதைத்தான் எழுதுகிறேன், அங்கே சட்டப்படி பிஸ்டல் வைத்திருக்கிற மற்றப் பொடியன்களுக்கும் உதவும். இங்கே யாரும் இதை முயல வேண்டாம். எங்கட பக்கம் யானைக்கும் பன்றிக்கும் வயலில் லைசென்ஸோடு வைத்திருக்கிற துவக்கு வேறு சாமான், இது வேறு.

“என்ன மனே குறை அதில?” என்று கேட்டேன். “இழுக்க இழுக்கப் போய்க்கொண்டே கிடக்கு, எப்ப வெடிக்குமென்று தெரியல்ல” என்றான். அது பழுதில்லை, அந்த அமைப்பே அப்படித்தான். மேலே முன்னும் பின்னும் ஓடுகிற ஸ்லைடை இழுத்து விடும்போது, ரவையைக் குத்துகிற ஊசியான ஸ்ட்ரைக்கர் பாதிதான் பின்னுக்கு நிற்கும். மிச்சத்தை உன் விரல்தான் இழுக்கிறது. ட்ரிகரோடு சேர்ந்த நீளத் தகடான ட்ரிகர் பார் ஸ்ட்ரைக்கரைப் பின்னுக்குத் தள்ளிக்கொண்டே போய், கனெக்டர் என்கிற சின்னத் தகட்டின் சரிவில் வழுக்கிக் கீழே இறங்கும்போது பிடி விடும். விரலுக்குத் தெரிகிற கரகரப்பு பெரும்பாலும் அந்தத் தகட்டிலும், ஸ்ட்ரைக்கரைத் தடுத்து நிற்கிற சேஃப்டி முளையிலும்தான். கொம்பனியிலிருந்து வரும்போது ட்ரிகரை இழுக்கச் சுமார் 2.5 கிலோ எடை வேண்டும். நியூயோர்க் பொலிஸ் வேண்டுமென்றே 12 இறாத்தலுக்குப் போட்டுச் சுட்ட காலமும் இருந்தது, அதோடு ஒப்பிட்டால் உன்னுடையது வெண்ணெய்.

எதை மாற்றலாம் என்றால், நான் சொல்வது ஒன்றே ஒன்று: கொம்பனியே விற்கிற மைனஸ் அடையாளம் போட்ட கனெக்டர். சரிவின் கோணம் மாறுவதால் எடை குறையும். ஸ்பிரிங்குகளைத் தொடாதே. இதில் பலருக்குக் குழப்பம், ட்ரிகர் ஸ்பிரிங் உன் விரலுக்கு எதிராக இழுக்கிறதென்று நினைக்கிறார்கள். குளொக்கில் அது உன்னோடு சேர்ந்துதான் இழுக்கிறது, அதை மெலிதாக்கினால் ட்ரிகர் இன்னும் கனக்கும். ஸ்ட்ரைக்கர் ஸ்பிரிங்கை மெலிதாக்கினால் எடை குறையும், உண்மைதான். நான் அதைத்தான் செய்தேன். மட்சில் மூன்றாவது ரவையில் ‘டிக்’ என்றது, அவ்வளவுதான். எடுத்துப் பார்த்தால் ரவையின் அடியில் ஊசி குத்துகிற பிரைமரில், ஊசி சும்மா தொட்டது போல ஒரு பொட்டு.

அலுமினிய ட்ரிகர் பார்க்க வடிவாக இருக்கும். ஆனால் கொம்பனி போடுகிற பிளாஸ்டிக் ட்ரிகரைவிட அது பாரம் கூட, அந்தப் பாரத்துக்கு இன்னொரு பக்கம் உண்டு. 2017இல் சிக் சௌவர் பி320 என்கிற பிஸ்டல் ஒரு குறிப்பிட்ட கோணத்தில் விழுந்தால் தானாக வெடிக்கிறதென்று தெரிந்து, கொம்பனி திருப்பி எடுத்துத் திருத்திக் கொடுத்ததில் ஒரு பகுதி, ட்ரிகர் துண்டின் பாரத்தைக் குறைத்தது. விழுந்து நிலத்தில் மோதும் நேரத்தில் கனமான ட்ரிகர் தன் பாரத்தாலேயே பின்னுக்குப் போகப் பார்க்கும். குளொக்கில் ட்ரிகரின் நடுவிலிருக்கிற மெல்லிய நாக்குத்தான் அதைத் தடுக்கிறது, வெளியில் வாங்குகிற ட்ரிகரில் அந்த நாக்கு சரியாகப் பொருந்தாவிட்டால் எல்லாம் போச்சு.

சரி, வேலைக்கு வருவோம். ரவை அடுக்குகிற மகசினைக் கழற்று. ஸ்லைடை இழுத்துப் பூட்டி, குழலின் பின்னால் ரவை நிற்கிற குழிக்குள் பார், பார்த்தது போதாது, சின்ன விரலை விட்டுத் தொட்டுப் பார். ரவைப் பெட்டி நீ வேலை செய்கிற அறையிலேயே இருக்கக்கூடாது. ஏன் இவ்வளவு என்றால், குளொக்கைக் கழற்ற முதலில் ட்ரிகரை இழுக்க வேண்டும், வீட்டுச் சுவரில் ஓட்டை போட்டவர்களில் கனபேர் இந்த இடத்தில்தான் போட்டிருப்பார்கள். இழுத்த பிறகு ஸ்லைடை மூன்று நான்கு மில்லிமீற்றர் பின்னுக்கு எடுத்து, இரண்டு பக்கப் பூட்டையும் கீழே இழுத்தால் முன்னால் கழன்று வரும்.

ஃபிரேமில், அதாவது பிடியுள்ள கீழ்ப்பாகத்தில் இருக்கிற பின்களை 3/32 அங்குலப் பஞ்ச் கம்பி ஒன்றால் இடமிருந்து வலமாகத் தள்ளு. சுத்தியல் வேண்டாம், உள்ளங்கை போதும். ட்ரிகர் பின் வராமல் அடம்பிடிக்கும், ஸ்லைடைப் பின்னால் நிறுத்தி வைக்கிற ஸ்லைடு ஸ்டொப்பை மெல்ல ஆட்டிக்கொண்டு தள்ளினால் வழிவிடும். எல்லாவற்றையும் ஃபோனில் படம் எடுத்து வை. கருப்புப் பெட்டி போன்ற ஹவுசிங் ட்ரிகர் பாரோடு சேர்ந்து வெளியே வரும், அதிலிருந்து கனெக்டரை அந்தப் பஞ்ச் கம்பியால் நெம்பிப் புதியதைக் கடைசி மட்டும் அழுத்து. விளிம்பு மேலே தூக்கி நின்றால் ஸ்லைடு போய் இடிக்கும்.

மினுக்குகிறவர்கள் மின் மோட்டரைத் தூக்காதீர்கள். அம்மா வெள்ளிக்கிழமை குத்துவிளக்கு மினுக்குவது போல, பஞ்சு சுற்றிய குச்சியில் உலோகக் களிம்பு கொஞ்சம், கனெக்டர் சரிவிலும் சேஃப்டி முளை உரசுகிற இடத்திலும் ஐந்து நிமிடம். மினுங்க வேண்டும், தேயக்கூடாது. ட்ரிகர் பாரின் பின்பக்கம் ஸ்ட்ரைக்கரைப் பிடிக்கிற சிலுவை வடிவ விளிம்பில் கை வைக்கவே வேண்டாம். பிறகு களிம்பை முழுக்கத் துடைத்துவிட்டு ஒரு சொட்டு எண்ணெய்.

பூட்டிய பிறகு சோதனை. நடு நாக்கைத் தொடாமல் ட்ரிகரின் ஓரங்களைப் பிடித்து இழு, அசையக்கூடாது. ஸ்லைடைக் கழற்றி, ஸ்ட்ரைக்கரை முன்னுக்கு அழுத்து, ஊசி வெளியே வரவே கூடாது. சேஃப்டி முளையை அமத்திக்கொண்டு அழுத்தினால் வர வேண்டும். திரும்ப மாட்டி, ட்ரிகரை இழுத்துப் பிடித்தபடியே ஸ்லைடை இழுத்து விட்டு, விரலை மெல்லத் தளர்த்து. ‘கிளிக்’ என்று கேட்க வேண்டும். ஐம்பது தரம் செய். ஒரு தரம் பிசகினாலும் பழைய கனெக்டரைத் திரும்பப் போட்டு, சான்றிதழ் உள்ள திருத்துநரிடம் கொண்டு போ.

எடை பார்க்க மீன்காரர் தூக்கிப் பிடிக்கிற தொங்கு தராசே போதும், வெறும் பிஸ்டலின் ட்ரிகரில் கொளுவி இழுத்தால் விடுகிற இடம் தெரியும். இரண்டு கிலோவுக்குக் கிட்ட வந்தால் நிறுத்து. ஒலிம்பிக் காற்றுப் பிஸ்டலுக்கு 500 கிராம் போதும்தான், ஆனால் அதை யாரும் இடுப்பில் கட்டிக்கொண்டு திரிவதில்லை.

ரேஞ்சில் முதல் ஆறேழு மகசினுக்கு இரண்டு ரவைக்கு மேல் போடாதே. உள்ளே ஏதும் பிழைத்துத் தொடர்ந்து வெடித்தாலும் இரண்டோடு நிற்கும்.