மலையில் கேம்பர் வேன்: சிலிண்டரைச் சீக்கிரம் காலி செய்யும் தவறுகள்

மேட்டுப்பாளையத்தில் வண்டியை ஓரங்கட்டி அரிசி, பருப்பு, காய்கறி, தண்ணீர் கேன் எல்லாவற்றையும் எண்ணி எண்ணி ஏற்றுகிறவர்கள்கூட, சிலிண்டரை மட்டும் ஒரு கையால் அசைத்துப் பார்த்து, "கனமாத்தான் இருக்கு, நாலு நாளைக்குத் தாங்கும்" என்று குன்னூர் மலைப்பாதையில் ஏறிவிடுகிறார்கள். மூன்றாம் நாள் விடியற்காலையில் ஊட்டியை அடுத்த எமரால்டு பக்கமோ, கொடைக்கானலைத் தாண்டி மன்னவனூர் பக்கமோ ஒரு தோட்டத்து ஓரத்தில் காபிக்கு வைத்த தண்ணீர் சூடேறாமல் நிற்கும். கரண்ட் இல்லாத இடத்தில் வேனில் தங்குகிறவர்களுக்குச் சமையல், வெந்நீர் எல்லாமே கேஸ்தான். ஆனால் மலையில் அது தீர்ந்துபோவதற்குச் சமையல் பெரும்பாலும் காரணமில்லை. குளிரை விரட்ட நாம் செய்கிற காரியங்கள்தான் அதைத் தின்கின்றன. மிச்சம் பிடிக்கிறோம் என்று செய்யும் சில வேலைகளோ உயிருக்கே உலை வைத்துவிடும். அதனால் இதைக் கொஞ்சம் விரிவாகவே பேச வேண்டியிருக்கிறது.

எடை பார்க்காமல் ஏறுவது

சிலிண்டரின் மேல் வளையத்தில் அதன் காலி எடை எழுதியிருக்கும். பயணப் பெட்டியைத் தூக்கிப் பார்க்கும் சின்னத் தொங்கு தராசு ஒன்றை வேனில் போட்டு வையுங்கள். மொத்த எடையில் காலி எடையைக் கழித்தால் உள்ளே இருக்கும் கேஸ் எவ்வளவு என்று தெரிந்துவிடும். ஈரத்துணியால் துடைத்து, எந்த மட்டம் வரை ஈரம் காயாமல் நிற்கிறது என்று பார்க்கும் பழைய வித்தை சமவெளியில் ஓரளவு வேலை செய்யும். மூடுபனி நேரத்தில் ஊட்டியில் சிலிண்டர் முழுவதுமே வியர்த்து நிற்கும். அப்போது அது உதவாது.

வீட்டில் 14.2 கிலோ சிலிண்டர் நான்கு பேருக்கு ஏறக்குறைய ஒன்றரை மாதம் வருகிறது என்றால், ஒரு நாள் சமையலுக்குச் சுமார் 300 கிராம். அந்தக் கணக்கில் 5 கிலோ சிலிண்டர் இரண்டு வாரத்துக்கு மேல் வர வேண்டும். ஒரு லிட்டர் தண்ணீர் கொதிக்க 12 கிராம் அளவுக்குத்தான் ஆகும். இந்த எண்களை மனத்தில் வைத்துக்கொண்டு அடுத்த விஷயத்துக்கு வாருங்கள்.

கேஸ் ஹீட்டரை இரவெல்லாம் எரிப்பது

2 கிலோவாட் திறனுள்ள ஒரு சின்ன கேஸ் ஹீட்டரை எட்டு மணி நேரம் எரித்தால் சுமார் 1.25 கிலோ கேஸ் போகும். நான்கே இரவில் 5 கிலோ சிலிண்டர் காலி. நான்கு நாள் குடும்பச் சமையலுக்கு ஆகிற கேஸை ஒரே இரவில் எரித்துவிட்டு, "மலையில் கேஸ் நிற்கவே மாட்டேங்குது" என்று சொல்வதில் நியாயமில்லை.

செலவு ஒரு பக்கம் இருக்கட்டும். புகைபோக்கி இல்லாத ஹீட்டரில் ஒரு கிலோ கேஸ் எரிந்தால் ஒன்றரை கிலோவுக்கு மேல் நீராவி வேனுக்குள்ளேயே தங்குகிறது. ஓர் இரவில் ஏறக்குறைய இரண்டு லிட்டர் தண்ணீர். அது குளிர்ந்த தகரத்திலும் கண்ணாடியிலும் படிந்து மெத்தைக்குள் இறங்கும். ஈர மெத்தை மறுநாள் இன்னும் குளிரும். ஹீட்டரை இன்னும் கூட்டத் தோன்றும்.

ரப்பர் வெந்நீர்ப் பை இரண்டை வாங்கி, ஒரு லிட்டர் வீதம் வெந்நீர் நிரப்பிப் போர்வைக்குள் வைத்துப் பாருங்கள். இதற்கு ஆகிற கேஸ் 20 கிராம் சொச்சம்தான். நல்ல கம்பளியும், தரையில் விரிக்க ஒரு தடித்த ஜமுக்காளமும், ஜன்னல் கண்ணாடிக்கு உள்பக்கம் வெட்டி ஒட்டிய ஃபோம் ஷீட்டும் சேர்ந்தால் ஊட்டிக் குளிர் பழகிவிடும். என்னைக் கேட்டால், கேஸ் ஹீட்டருக்குக் கொடுக்கும் பணத்தை அப்படியே கம்பளிக்குக் கொடுப்பேன்.

குளியலிலும் இதே கதைதான். 15 டிகிரியில் இருக்கும் தண்ணீரை 40 டிகிரிக்குக் கொண்டுவர, 15 லிட்டர் வாளி ஒன்றுக்குச் சுமார் 43 கிராம் ஆகும். கேஸ் கீசரைத் திறந்துவிட்டு ஷவரில் பத்து நிமிடம் நின்றால் 170 கிராம். அதாவது நான்கு பேர் வாளியில் மொண்டு குளிக்கிற அளவு. தண்ணீரும் அதே கணக்கில் தீரும் என்பதை மறக்க வேண்டாம்.

எரியாத சிலிண்டரைத் தீர்ந்ததாக நினைப்பது

மலைக்கு வருகிறவர்கள் தெரியாமலே பணத்தை விடுகிற இடம் இதுதான். விடியற்காலையில் தீ மங்கலாகி, பின் பொட்டுப் போல் சுருங்கிவிடும். தீர்ந்துவிட்டது என்று சிலிண்டரை மாற்றி, பழையதைக் கடையில் கொடுத்துவிடுவார்கள். எடை போட்டிருந்தால் உள்ளே ஒரு கிலோவோ அதற்கு மேலோ இருந்தது தெரிந்திருக்கும். மீதிக் கேஸுக்குக் கடைக்காரர் காசு திருப்பித் தரப் போவதில்லை.

சிலிண்டருக்குள் இருப்பது புரொப்பேனும் பியூட்டேனும் கலந்த திரவம். புரொப்பேன் மைனஸ் 42 டிகிரியிலேயே ஆவியாகும். பியூட்டேனுக்குச் சுழியத்தை ஒட்டிய சூடாவது வேண்டும். நாம் எரிக்கும்போது மேலே நிற்கும் ஆவிதான் வெளியே வருகிறது. அதில் புரொப்பேனின் பங்கு அதிகம். நாள் போகப் போக அடியில் தங்குவது பெரும்பாலும் பியூட்டேன். அதோடு, திரவம் ஆவியாவதற்கு வேண்டிய சூட்டைச் சிலிண்டரிடமிருந்தே எடுத்துக்கொள்வதால், எரிய எரிய அது தன்னைத் தானே குளிர வைத்துக்கொள்ளும். சின்ன சிலிண்டர், அதிலும் கால்வாசி மீதம் இருப்பது, இன்னும் வேகமாகக் குளிரும். டிசம்பர், ஜனவரியில் தலைக்குந்தா, காந்தல், அவலாஞ்சிப் பக்கம் உறைபனி விழுந்த காலையில் புல்வெளி வெளுத்துக் கிடக்கும் நேரத்தில் இவை எல்லாம் ஒன்றாகச் சேர்ந்துகொள்கின்றன. பியூட்டேன் மட்டுமே நிரப்பிய சின்ன கேன் அடுப்புகள் அந்த நேரத்தில் இன்னும் மோசம்.

தீ சுருங்கினால் முதலில் தராசை எடுங்கள். கேஸ் இருந்தால் வெயில் ஏறும் வரை காத்திருங்கள். சிலிண்டர் பெட்டியின் கதவைத் திறந்து வெயில் படும்படி வண்டியைத் திருப்பி நிறுத்தினாலே போதும். இரண்டு சிலிண்டர் வைத்திருப்பவர்கள் தீரப்போவதை மதியச் சமையலுக்கும், நிறைந்ததை விடியற்காலைக்கும் ஒதுக்கிவிட்டால் கடைசிக் கிராம் வரை எரித்துவிடலாம். காலைக் காபிக்கு முந்தின இரவே வெந்நீர் வைத்து நல்ல பிளாஸ்க்கில் ஊற்றி வையுங்கள். பெரிய பர்னரை முழுதாகத் திறக்காமல் சின்ன பர்னரில் எரித்தால் சிலிண்டரும் மெதுவாகக் குளிரும்.

செய்யவே கூடாதவையும் இருக்கின்றன. சிலிண்டருக்குத் தீ காட்டுவது, கொதிநீர் ஊற்றுவது, "அடியில இருக்கிறது வரட்டும்" என்று படுக்க வைப்பது, கதகதப்புக்காகப் படுக்கையறைப் பக்கம் கொண்டுவந்து வைப்பது ஆகிய எதுவும் வேண்டாம். படுக்க வைத்த சிலிண்டரிலிருந்து திரவமே ரெகுலேட்டருக்குள் போகும். அது குழாயைத் தாண்டி அடுப்பில் ஆவியானால் ஆளுயரத் தீ எழும்.

மூடி போடாமல் வேகவைப்பது

ஊட்டி 2,240 மீட்டர் உயரம். அங்கே தண்ணீர் 100 டிகிரிக்குப் போகாது. 92, 93 டிகிரியிலேயே கொதித்துவிடும். திறந்த பாத்திரத்தில் துவரம்பருப்போ கொண்டைக்கடலையோ வைத்தால் கொதித்துக்கொண்டே இருக்கும், வேகாது. தீயைக் கூட்டுவதால் கொதிநீரின் சூடு ஒரு டிகிரிகூட ஏறாது. கேஸ் மட்டும் போகும். குக்கருக்குள் அதே ஊட்டியில் 115 டிகிரியை ஒட்டிச் சூடேறும். ஆகவே மலையில் குக்கர் இல்லாமல் சமைப்பது ஆடம்பரம். பருப்பை மதியமே ஊறப்போடுங்கள். முதல் விசில் வந்ததும் சிம்மில் வைத்து, அணைத்த பிறகு ஒரு பழைய கம்பளித் துணியில் சுற்றி வைத்தால் மீதி வேலை தானாக நடக்கும். வெளியே அடுப்பு வைப்பவர்கள் காற்றுக்கு மறைப்பு கட்டுங்கள். ஆனால் அந்த மறைப்புக்குள் சிலிண்டரையோ கேனையோ சேர்த்து அடைக்காதீர்கள். வனத்துறை நிலத்தில் அடுப்பு மூட்டுவதே குற்றம் என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன்.

தவறான சிலிண்டர், தவறான இடத்தில் நிரப்புவது

வீட்டு இணைப்பின் 14.2 கிலோ சிலிண்டரை வேனில் தூக்கிப் போட்டு வருவது பரவலாக நடக்கிறது. அது வீட்டுச் சமையலுக்கு மட்டுமே கொடுக்கப்படுவது, எல்.பி.ஜி. வழங்கல் ஒழுங்குமுறை ஆணை 2000 வேறு பயன்பாட்டை அனுமதிக்கவில்லை. விபத்து நேர்ந்தால் காப்பீட்டுக்காரரிடமும் பதில் சொல்ல வேண்டியிருக்கும். வேனுக்கு ஏற்றது, அடையாள அட்டையை மட்டும் காட்டி வாங்கக்கூடிய 5 கிலோ சிலிண்டர். இண்டேன் இதைச் 'சோட்டு' என்ற பெயரில் விற்கிறது. அந்தந்த நிறுவனத்தின் ஏஜென்சியிலோ விற்பனை இடத்திலோ வேறு ஊரிலும் மாற்றிக்கொள்ளலாம். கிலோவுக்குப் பார்த்தால் வீட்டு கேஸைவிட விலை கூடுதல்தான். அதனால்தான் மேலே சொன்ன கிராம் கணக்கு முக்கியமாகிறது. வாங்கும்போது ஒரு கிலோ என்ன விலை என்று கணக்கிட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். ஹீட்டர் எரித்த ஓர் இரவின் செலவு உடனே கண்ணுக்குத் தெரியும். ரெகுலேட்டரை அந்தச் சிலிண்டரின் வால்வுக்குப் பொருந்துகிறதா என்று கடையிலேயே மாட்டிப் பார்த்து வாங்குங்கள்.

கண்ணாடியிழையால் ஆன கம்பாசிட் சிலிண்டர் உங்கள் ஊரில் கிடைத்தால் தயங்காமல் எடுக்கலாம். எடை இரும்பில் பாதி. வெளிச்சத்தில் உள்ளே கேஸ் மட்டமும் தெரியும்.

பெரிய சிலிண்டரிலிருந்து சின்னதுக்கு மாற்றி ஊற்றிக் கொடுக்கும் கடைகளை மட்டும் நாடவே வேண்டாம். அது சட்டப்படி குற்றம். ஆபத்து என்னவென்றால், அங்கே எடை பார்த்து நிரப்புவதில்லை. முறையான பிளாண்ட்டில் திரவம் விரிவதற்கு இடம் விட்டுத்தான் நிரப்புவார்கள். கழுத்து வரை நிரப்பிய சிலிண்டர் ஊட்டியின் பத்து டிகிரிக் குளிரில் சாதுவாக இருக்கும். அதை ஏற்றிக்கொண்டு கோத்தகிரி வழியாக இறங்கி இரண்டு மணி நேரத்தில் மேட்டுப்பாளையத்தின் ஏப்ரல் வெயிலுக்கு வந்தால், உள்ளே இருக்கும் திரவம் விரிந்து இடமில்லாமல் சிலிண்டரையே நெருக்கும். சமவெளியிலும் ஆபத்தான இந்தப் பழக்கம் மலையில் பல மடங்கு ஆபத்து. ஆட்டோ கேஸ் பங்கில் சமையல் சிலிண்டரை நிரப்பச் சொல்வதும் இதே வகைதான்.

வளையத்தில் ஏ, பி, சி, டி என்று ஓர் எழுத்தும் பக்கத்தில் இரண்டு இலக்கமும் இருக்கும். ஏ மார்ச் முடிய, பி ஜூன் முடிய, சி செப்டம்பர் முடிய, டி டிசம்பர் முடிய. இலக்கம் ஆண்டைக் குறிக்கும். சிலிண்டரை மறுபடி சோதிக்க வேண்டிய கெடு அது. அந்தத் தேதி தாண்டிய சிலிண்டரை வாங்காதீர்கள்.

"தீர்ந்தால் கீழே போய் வாங்கிக்கொள்ளலாம்" என்பதையும் திட்டமாக வைத்துக்கொள்ள வேண்டாம். அக்டோபர், நவம்பரில் வடகிழக்குப் பருவமழை வந்தால் குன்னூர் மலைப்பாதையில் மண் சரிந்து வழி அடைபடுவது வழக்கம். ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் 2024 மே முதல் வெளியூர் வண்டிகளுக்கு இ-பாஸும் வேண்டும்.

குளிருக்குப் பயந்து காற்றுவழியை அடைப்பது

வேனின் கூரைத் திறப்பிலும் தரை ஓட்டைகளிலும் துணியைத் திணித்து அடைப்பதைப் பார்க்கிறேன். தயவுசெய்து செய்யாதீர்கள். இரண்டு வெவ்வேறு ஆபத்துகளுக்காக அந்த வழிகள் இருக்கின்றன. கசியும் கேஸ் காற்றைவிடக் கனமானது; தரையோடு தேங்கும்; அது வெளியேறத் தரை மட்டத்தில் வழி வேண்டும். எரியும் அடுப்புக்கோ புதுக் காற்று வேண்டும். ஊட்டி உயரத்தில் காற்றின் அடர்த்தி ஏற்கெனவே ஐந்தில் ஒரு பங்கு அளவுக்குக் குறைவு. அடைத்த வேனில் ஆக்சிஜன் இன்னும் குறையும்போது நீலத் தீ மஞ்சளாகி, பாத்திரத்தில் கரி படிந்து, கார்பன் மோனாக்சைடு உண்டாகும். அதற்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. மலை விடுதிகளில் அறைக்குள் கரி அடுப்பு வைத்துப் படுத்தவர்கள் காலையில் எழாமல் போனதற்குக் காரணம் இதுதான். கேஸ் அடுப்பானாலும் எரித்துவிட்டுத் தூங்காதீர்கள். கேஸ் கசிவைக் காட்டும் கருவி தரைக்கு அருகிலும், கார்பன் மோனாக்சைடைக் காட்டும் கருவி படுத்திருப்பவரின் தலை மட்டத்திலும் இருக்க வேண்டும். ஒன்றின் வேலையை மற்றொன்று செய்யாது.

வால்வைத் திறந்தபடியே வண்டி ஓட்டுவது

ஊட்டிக்கு ஏறும் கல்லட்டி மலைப்பாதையின் 36 கொண்டை ஊசி வளைவுகளில் ஏறும் வண்டியில் எந்த நட்டும் கொஞ்சம் அசையத்தான் செய்யும். கிளம்பும் முன் ரெகுலேட்டரை மூடி, சிலிண்டரை நிமிர்த்திப் பட்டையால் இறுக்குங்கள். நிறுத்தியதும் இணைப்புகளில் சோப்புத் தண்ணீர் தடவிக் குமிழி வருகிறதா பாருங்கள். தீக்குச்சி உரசிப் பார்க்கும் வழக்கம் இன்றோடு ஒழியட்டும். கம்பி வலை வைத்த ஆரஞ்சு நிறச் சுரக்ஷா டியூபையே போடுங்கள். ஐந்து ஆண்டுக்குள் மாற்றுங்கள், வெடிப்பு தெரிந்தால் அன்றே.

கேஸ் வாடை வந்தால் விளக்கு, ஃபேன், வண்டிச் சாவி எதையும் தொடாதீர்கள். போடவும் வேண்டாம், அணைக்கவும் வேண்டாம். எரியும் அடுப்பு இருந்தால் அதை மட்டும் அணைத்து, சிலிண்டர் வால்வை மூடி, எல்லாக் கதவையும் திறந்து, எல்லாரும் இறங்கி மேட்டுப் பக்கமாகத் தள்ளிப் போங்கள். கேஸ் பள்ளத்தை நோக்கித்தான் ஓடும். அங்கிருந்து 1906 என்ற எண்ணை அழையுங்கள். கேஸ் கசிவுக்கென்றே 24 மணி நேரமும் இயங்கும் எண் அது. பல பள்ளத்தாக்குகளில் சிக்னல் இருக்காது. அதனால் வண்டியை நிறுத்தும் அன்றே பக்கத்தில் யார் வீடு இருக்கிறது, போன் எங்கே எடுக்கிறது என்று ஒரு நடை பார்த்து வைத்துவிடுங்கள்.