துபாய் வேலைக்குச் சம்மதம் சொல்லும் முன் குடும்பக் கணக்கைப் போடுவது எப்படி

துபாயிலிருந்து ஆஃபர் லெட்டர் வந்த இரவில் பெரும்பாலான வீடுகளில் நடப்பது ஒரே கணக்குதான். சம்பளம் 10,000 திர்ஹாம், ஒரு திர்ஹாம் சுமார் 24 ரூபாய், ஆக மாதம் 2,40,000 ரூபாய். இங்கே 95,000 ரூபாய் வாங்குபவருக்கு அது இரண்டரை மடங்கு என்று தெரிந்ததும் பேச்சு பெட்டி வாங்குவதற்குப் போய்விடுகிறது. பெருக்கலில் பிழை இல்லை. பெருக்குவதற்கு எடுத்துக்கொண்ட எண்ணில்தான் பிழை. குடும்பத்தோடு துபாயில் வாழ்பவர் திர்ஹாமில் வாங்கித் திர்ஹாமிலேயே வாடகையும் பள்ளிக் கட்டணமும் கொடுக்கிறார். மாதக் கடைசியில் எஞ்சுவது மட்டுமே ரூபாயாக மாறுகிறது. எனவே மாற்று விகிதத்தை மிச்சத்துக்குப் போட வேண்டும். இங்கே இப்போது மிஞ்சுவதை அந்த மிச்சத்தோடு ஒப்பிட வேண்டும். கீழே சொல்லப்படுவதெல்லாம் இந்த ஒரு கழித்தலைச் சரியாகச் செய்வதற்கான வழி.

கணக்கை ஒரு குடும்பத்தின் மேல் வைத்துப் பார்ப்பது எளிது. கோயம்புத்தூரில் சொந்த வீட்டில் இருக்கும் ஒரு பொறியாளர், பகுதி நேர ஆசிரியையாக 25,000 ரூபாய் வாங்கும் மனைவி, ஏழாம் வகுப்பிலும் மூன்றாம் வகுப்பிலும் படிக்கும் இரு பிள்ளைகள், கூடவே இருக்கும் பெற்றோர் என்று வைத்துக்கொள்வோம். இருவர் வருமானமும் சேர்ந்து 1,20,000; பெற்றோரின் மருந்து முதல் பிள்ளைகளின் வேன் கட்டணம் வரை செலவு 80,000; மிச்சம் 40,000. இந்த 40,000 ரூபாயோடுதான் துபாய் போட்டியிட வேண்டும், 95,000 ரூபாயோடு அன்று. நான் தரும் தொகைகள் கணக்கு முறையைக் காட்டுவதற்கானவை. வாடகையும் கட்டணமும் பகுதிக்குப் பகுதி மாறுவதால், வாசகர் தமக்குக் கிடைக்கும் தொகைகளை அவற்றின் இடத்தில் போட்டுக்கொள்ளவும்.

முதலில் ஆஃபர் லெட்டரைப் பிரித்துப் படிக்க வேண்டும்

மொத்தச் சம்பளத்தைப் பார்ப்பதற்கு முன் அதில் பேசிக் எவ்வளவு, அலவன்ஸ் எவ்வளவு என்று பார்க்க வேண்டும். ஐக்கிய அரபு அமீரகத்தின் தொழிலாளர் சட்டப்படி, ஓராண்டாவது பணியாற்றிய வெளிநாட்டவருக்கு வேலையை விட்டு வரும்போது கிடைக்கும் கிராஜுவிட்டி, முதல் 5 ஆண்டுகளுக்கு ஆண்டுக்கு 21 நாள் சம்பளம் என்றும் அதன் பின் 30 நாள் சம்பளம் என்றும் கணக்கிடப்படுகிறது. அந்தச் சம்பளம் பேசிக் மட்டுமே. 10,000 திர்ஹாமில் பேசிக் 5,000 என்றால் ஆண்டுக்கு 3,500 சேரும்; பேசிக் 7,000 என்றால் 4,900 சேரும். நான்கு ஆண்டில் 5,600 திர்ஹாம் வேறுபடுகிறது. வேலையிழப்புக் காப்பீடும் அப்படியே. குறைந்தது 12 மாதம் சந்தா கட்டியிருந்தால், வேலை போனபின் அதிகபட்சம் 3 மாதத்துக்குப் பேசிக்கில் 60 சதவீதம் கிடைக்கும். பேசிக் 5,000 என்றால் அது 3,000 திர்ஹாம். நம் எடுத்துக்காட்டில் வாடகைக்கே அது போதாது.

அடுத்து, நிறுவனம் எதையெல்லாம் தனியாகத் தருகிறது என்பதைக் கேட்டறிய வேண்டும். துபாயில் ஊழியருக்கு மருத்துவக் காப்பீடு எடுப்பது நிறுவனத்தின் கடமை. மனைவி, பிள்ளைகளின் காப்பீடு, அவர்களை ஸ்பான்சர் செய்பவரின், அதாவது உங்களுடைய, பொறுப்பு. விமான டிக்கெட் என்று எழுதியிருந்தால் அது உங்களுக்கு மட்டுமா, குடும்பத்துக்கும் சேர்த்தா, ஆண்டுக்கொரு முறையா, இரண்டாண்டுக்கு ஒரு முறையா என்பதை எழுத்தில் வாங்க வேண்டும். வருமான வரி இல்லை என்பது உண்மைதான், ஆனால் 2018 முதல் பெரும்பாலான பொருள்களுக்கும் சேவைகளுக்கும் 5 சதவீத வாட் வரி உண்டு.

குடும்பத்தோடு வாழ்ந்தால்

குடும்ப விசாவுக்கு மாதச் சம்பளம் 4,000 திர்ஹாமோ, அல்லது 3,000 திர்ஹாமும் தங்குமிடமும் இருந்தாலே போதும். இந்த விதியைப் படித்துவிட்டு 5,000 திர்ஹாமுக்குக் குடும்பத்தை அழைத்துவந்தவர்கள் உண்டு. அரசு சொல்வது விசா தருவதற்கான எல்லை. வாழ்வதற்கான எல்லை வேறு.

எடுத்துக்காட்டுக் குடும்பத்துக்கு ஒரு படுக்கையறை வீடு ஆண்டுக்கு 60,000 திர்ஹாமுக்குக் கிடைக்கிறது என்று கொண்டால் மாதம் 5,000. வாடகையில் 5 சதவீதம் ஹவுசிங் ஃபீ என்று தண்ணீர், மின்சாரத்துக்கான தேவா பில்லோடு மாதாமாதம் சேர்ந்து வரும், அது 250. மின்சாரம், தண்ணீர், குளிரூட்டலுக்கு 500. கைப்பேசிக்கும் இணையத்துக்கும் 450. இரு பிள்ளைகளின் பள்ளிக் கட்டணமும் பஸ் கட்டணமும் 2,000. மளிகை, காய்கறி, பால் 1,800. மெட்ரோ, பஸ், அவசரத்துக்கு டாக்ஸி 500. குடும்பக் காப்பீட்டை மாதமாகப் பிரித்தால் 250. ஆண்டுக்கொரு முறை நால்வரும் ஊருக்கு வந்துபோகும் டிக்கெட்டைப் பிரித்தால் 450. கூட்டினால் 11,200. ஒரு நாளும் வெளியில் சாப்பிடாமல், துணி எடுக்காமல், கார் இல்லாமல், 10,000 திர்ஹாம் சம்பளத்தில் மாதம் 1,200 துண்டு விழுகிறது. ஊரில் பெற்றோருக்கு அனுப்ப வேண்டிய 25,000 ரூபாய் இன்னும் இந்தக் கணக்கில் வரவில்லை; மனைவி விட்டுவந்த 25,000 ரூபாயும் போயிற்று. கடிதம் வந்த இரவில் 2,40,000 என்று தெரிந்த எண், மாதம் ஏறத்தாழ 54,000 ரூபாய்ப் பற்றாக்குறையாக மாறிவிடுகிறது.

இரு இடங்களில் இந்தக் கணக்கு வழக்கமாகத் தவறும். ஒன்று குளிரூட்டல். பல கட்டடங்களில் ஏ.சி. கட்டணம் வாடகையில் அடங்கும்; அதைத்தான் அங்கே ‘சில்லர் ஃப்ரீ’ என்பார்கள். வேறு கட்டடங்களில், ஒரு பகுதி முழுவதற்கும் பொதுவாகக் குளிரூட்டல் தரும் நிறுவனத்துக்குத் தனியே பணம் கட்ட வேண்டும். நான் குடும்பத்தை அழைத்துவந்தது ஜனவரி மாதம். ஜன்னலைத் திறந்து வைத்தாலே இதமாக இருந்தது, எனவே அந்தக் கேள்வியே எனக்குத் தோன்றவில்லை. ஜூலை மாதப் பில்லைப் பிரித்த மாலையில், வாடகை 300 திர்ஹாம் குறைவு என்று நான் பெருமையாகப் பிடித்த வீட்டின் உண்மையான வாடகை என்ன என்பதை என் மனைவி காலண்டரின் பின்புறத்தில் எழுதிக் காட்டினார். அந்தக் காலண்டர் இன்னும் எங்களிடம் இருக்கிறது. வீடு பார்க்கும்போது, முன்பிருந்தவரின் ஆகஸ்ட் மாதப் பில்லைக் கேட்டுப் பார்ப்பது நல்லது.

மற்றொன்று பள்ளி. துபாய்த் தனியார் பள்ளிகளின் கட்டணங்களை, அவற்றைக் கண்காணிக்கும் கேஎச்டிஏ அமைப்பு வகுப்புவாரியாகத் தன் இணையதளத்தில் வெளியிடுகிறது. அதில் இன்றைய வகுப்பின் கட்டணத்தை மட்டும் பார்க்காமல், ஒப்பந்தக் காலம் முழுவதும் பிள்ளை ஏறப்போகும் வகுப்புகளின் கட்டணங்களையும் எழுதிக்கொள்ள வேண்டும். பொதுவாக வகுப்பு ஏற ஏறக் கட்டணமும் ஏறும். கட்டணம் குறைந்த சிபிஎஸ்இ பள்ளிகளில் இடம் கிடைப்பது எளிதன்று. இந்தியப் பாடத்திட்டப் பள்ளிகளின் கல்வியாண்டு ஏப்ரலில் தொடங்குவதால், நடுவில் வரும் பிள்ளைக்கு இடமில்லாமல் போகவும் கூடும். தமிழ் எல்லாப் பள்ளிகளிலும் பாடமாகக் கிடைப்பதில்லை என்பதையும், நான்கு ஆண்டு கழித்துப் பிள்ளை தமிழ்நாட்டுப் பள்ளிக்குத் திரும்பினால் என்ன ஆகும் என்பதையும் இப்போதே பேசிவிட வேண்டும்.

வாடகையைக் குறைக்க ஷார்ஜாவில் வீடெடுப்பது பலர் கையாளும் வழி. பணம் மிஞ்சும் என்பது மெய். ஆனால் காலையும் மாலையும் அல் இத்திஹாத் சாலையில் நகராமல் நிற்கும் வண்டிகளைப் பார்த்தவர்களுக்கு, பிள்ளைகள் விழித்திருக்கும் நேரத்தில் வீடு போய்ச் சேர முடியுமா என்ற கேள்வியும் செலவுதான் என்று தெரியும். பயண நேரத்தை ஒரு வேலைநாளில் நேரில் அளந்து பார்த்த பிறகே முடிவெடுக்கவும்.

தனியாகப் போனால்

அதே 10,000 திர்ஹாமில் ஒருவர் மட்டும் சென்று, துபாயின் கராமாவிலோ அல் குசைஸிலோ பெட் ஸ்பேஸ், அதாவது பலர் தங்கும் அறையில் ஒரு கட்டில், எடுத்துத் தங்கினால் இடத்துக்கு 1,200, சாப்பாட்டுக்கு 850, போக்குவரத்துக்கு 350, கைப்பேசிக்கு 150, டிக்கெட்டுக்கு 200 என 2,750 திர்ஹாமில் முடித்துவிடலாம். மீதி 7,250 திர்ஹாம், அதாவது 1,74,000 ரூபாய். மனைவியின் 25,000 தொடர்கிறது. வீட்டில் ஒருவர் குறைவதால் கோயம்புத்தூர்ச் செலவு 70,000 ஆகிறது. மிச்சம் 1,29,000 ரூபாய். அதே கடிதம் குடும்பத்தைக் கடனில் தள்ளவும் செய்கிறது, இப்போதைய மிச்சத்தை மூன்று மடங்குக்கு மேல் ஆக்கவும் செய்கிறது. இதனால்தான் “துபாய்ச் சம்பளம் நல்லதா?” என்று பொதுவாகக் கேட்டால் யாரும் நேராகப் பதில் சொல்வதில்லை.

ஆனால் இந்த 1,29,000 ரூபாய்க்கு வீட்டில் யார் விலை கொடுக்கிறார்கள் என்பதைச் சொல்லாமல் விடுவது நேர்மையாகாது. மாமனார் மாமியாரை மருத்துவமனைக்கு அழைத்துப் போவதும், பத்தாம் வகுப்பை நெருங்கும் பிள்ளையோடு மல்லுக்கட்டுவதும் முழுக்க மனைவியின் தலையில் விழும். அவர் சம்மதம் என்று சொல்வது எத்தனை ஆண்டுக்கு என்று கேட்டு, அந்த எண்ணையும் கணக்குத் தாளில் எழுத வேண்டும். “கொஞ்ச நாள்” என்று ஆரம்பித்தவை பதினைந்து ஆண்டானதை நாம் எல்லோரும் பார்த்திருக்கிறோம்.

எவ்வளவு கேட்க வேண்டும்

குடும்பத்தோடு போய், ஊருக்கு 25,000 அனுப்பி, இன்று மிஞ்சும் 40,000 ரூபாயும் குறையாமல் இருக்க வேண்டுமென்றால் 11,200 திர்ஹாமோடு அந்த 65,000 ரூபாயைத் திர்ஹாமாக்கிக் கூட்ட வேண்டும். ஏறத்தாழ 13,900 வருகிறது. அதாவது 14,000 திர்ஹாம் என்பது இன்றைய நிலைக்குச் சமம், முன்னேற்றம் அதற்கு மேல்தான் தொடங்குகிறது. நிறுவனம் அவ்வளவு தராதென்றால் வேறு வழியில் கேட்கலாம்: குடும்பக் காப்பீடு, குடும்ப டிக்கெட், பள்ளிக் கட்டணம் மூன்றையும் அவர்கள் ஏற்றுக்கொண்டால் மாதம் 2,700 திர்ஹாம் குறையும், அப்போது 11,200 சம்பளமே அந்தச் சமநிலையைத் தந்துவிடும். “சம்பளத்தைக் கூட்டித் தாருங்கள்” என்று மொட்டையாகக் கேட்பதைவிட, இப்படி இனம் பிரித்துக் கேட்பவருக்கு மனிதவளத் துறையினர் பதில் சொல்லும் விதமே வேறாக இருப்பதைக் கண்டிருக்கிறேன்.

மனைவி அங்கே வேலைக்குப் போகலாம் என்பதையும் சேர்த்துப் பார்க்கலாம். கணவரின் ஸ்பான்சரில் இருப்பவர், வேலை தரும் நிறுவனம் பர்மிட் எடுத்துக் கொடுத்தால் அமீரகத்தில் பணிபுரிய முடியும். சிங்கப்பூரில் இவ்வளவு எளிதன்று. 2021 மே முதல், குடும்பத்தினருக்கான டிபெண்டன்ட் பாஸில் அங்கே இருப்பவர் தமக்கென்று தனி வேலை அனுமதி பெற வேண்டும். இருந்தாலும், கையில் கிடைக்காத வேலையின் சம்பளத்தைக் கணக்கின் வரவுப் பக்கத்தில் எழுதக் கூடாது.

முதல் மாதத்துக்கான பணம்

மாதக் கணக்கு சரியாக வந்தாலும் முதல் மாதம் பலரைக் கவிழ்த்துவிடும். ஆண்டு வாடகையை நான்கு செக்குகளாகக் கொடுக்க வீட்டுக்காரர் சம்மதித்தால் முதல் செக் 15,000. டெபாசிட் 5 சதவீதம், 3,000. புரோக்கர் கமிஷன் 5 சதவீதம், 3,000. தேவா டெபாசிட் 2,000. சாவி கைக்கு வருவதற்குள் 23,000 திர்ஹாம், ஐந்தரை லட்சம் ரூபாய். எஜாரி எனப்படும் வாடகை ஒப்பந்தப் பதிவு, விசா, மருத்துவப் பரிசோதனை, எமிரேட்ஸ் ஐடி, கட்டில், ஃப்ரிட்ஜ் எல்லாம் இதற்கு மேல். இதை நகையை அடகு வைத்துப் புரட்டுவதாக இருந்தால் அந்த வட்டியையும் மாதச் செலவில் சேர்க்கவும்.

நான் சொல்லும் வழி, முதலில் தனியாகப் போவதே. சோதனைக் காலம் 6 மாதம் வரை இருக்கலாம். அதற்குள் 14 நாள் எழுத்துமூல அறிவிப்பில் உங்களை அனுப்பிவிட நிறுவனத்துக்குச் சட்டம் இடம் தருகிறது. அந்த ஆறு மாதம் பெட் ஸ்பேஸில் இருந்து வீட்டுக்கான முன்பணத்தைச் சேர்த்துக்கொண்டு, ஏப்ரல் பள்ளித் திறப்பை ஒட்டிக் குடும்பத்தை வரவழைக்கலாம். புறப்படும் மாதத்துக்கும் ஒரு பொருள் உண்டு. வேலைக்காக வெளிநாடு செல்லும் இந்தியர் அந்த நிதியாண்டில் இந்தியாவில் 182 நாளுக்குக் குறைவாகத் தங்கியிருந்தால்தான் வருமான வரிச் சட்டப்படி என்ஆர்ஐ ஆவார். செப்டம்பர் மூன்றாம் வாரத்துக்குள் கிளம்பி, மார்ச் வரை விடுமுறைக்கு வராமல் இருப்பவருக்கு இது பொருந்தும். நவம்பரில் கிளம்புபவரின் அவ்வாண்டுத் துபாய்ச் சம்பளத்துக்கும் இங்கே வரி வரக்கூடும்.

மாற்று விகிதம் பற்றி ஒரு சொல். 1997 முதல் ஒரு டாலர் 3.6725 திர்ஹாம் என்று நிலையாக இருப்பதால், டாலருக்கு எதிராக ரூபாய் சரியும்போதெல்லாம் திர்ஹாமும் ஏறுகிறது. 2014-இல் 17 ரூபாயை ஒட்டி இருந்தது. ஊரில் வீட்டுக் கடன் உள்ளவருக்கு இது சாதகம். மிச்சமே இல்லாத குடும்பத்துக்கு அந்த ஏற்றத்தால் ஒரு பயனும் இல்லை. ஊரிலிருந்து பணம் வரவழைக்கும் நிலைக்கு வந்துவிட்டவருக்கு அது நட்டம்.

கையெழுத்துக்கு முன்

விசிட் விசாவில் வந்து வேலையைத் தொடங்குங்கள், பிறகு மாற்றிக்கொள்ளலாம் என்று சொல்லும் இடத்தை அங்கேயே விட்டுவிடவும். அந்த விசாவில் வேலை செய்வது சட்டவிரோதம். விசாச் செலவையும் ஆளெடுப்புச் செலவையும் ஊழியரிடம் வாங்க அமீரகச் சட்டம் அனுமதிப்பதில்லை. இங்குள்ள ஏஜென்ட் அரசின் இ-மைக்ரேட் தளத்தில் பதிவு பெற்றவரா என்று பார்க்கவும்; பதிவு பெற்றவரும் சேவைக் கட்டணமாக 30,000 ரூபாயும் ஜிஎஸ்டியும் மட்டுமே வாங்கலாம். பட்டச் சான்றிதழ், திருமணச் சான்றிதழ், பிள்ளைகளின் பிறப்புச் சான்றிதழ் ஆகியவற்றை அட்டெஸ்டேஷன் (அரசின் சான்றொப்பம்) செய்ய வாரக்கணக்கில் ஆகும் என்பதால் முன்கூட்டியே தொடங்கவும்.

மின்னஞ்சலில் வந்த கடிதத்துக்குப் பிறகு, மனிதவள அமைச்சகத்தின் வடிவில் ஓர் ஆஃபர் லெட்டர் கையெழுத்துக்கு வரும் (டிஐஎஃப்சி எனப்படும் துபாய் நிதி மையம் போன்ற சில மண்டலங்களுக்குத் தனிச் சட்டம் உண்டு). பேசிக், அலவன்ஸ், விடுப்பு ஆகியவை முதல் கடிதத்தோடு ஒத்துப்போகின்றனவா என்று வரி வரியாகப் பார்த்து, குடும்பக் காப்பீடும் பள்ளிக் கட்டணமும் டிக்கெட்டும் தொலைபேசியில் மட்டும் ஒப்புக்கொள்ளப்பட்டிருந்தால் அவற்றையும் எழுத்தில் சேர்க்கச் சொல்ல வேண்டும். சேர்க்கத் தயங்கினால் கணக்குத் தாளில் அந்த 2,700 திர்ஹாமை அடித்துவிட்டு மிச்சத்தை மறுபடியும் கூட்டிப் பார்க்கவும். இங்குள்ள ராஜினாமாக் கடிதத்தை அதற்குப் பிறகு கொடுத்தால் போதும்.