செடி செழிப்பாக இருந்தால் மண் சுத்தம் என்று அர்த்தமில்லை

பழைய தொழிற்சாலைக்குப் பக்கத்திலோ சாலையோரத்திலோ தளதளவென்று நிற்கும் மூலிகையைப் பார்த்ததும், மண் நன்றாகத்தான் இருக்கும் என்று நினைத்துவிடுகிறோம். இதுதான் முதல் தவறு, எனக்கு மிகவும் கவலை தருவதும் இதுதான். காட்மியம் என்ற நச்சு உலோகம் துத்தநாகத்தை ஒத்தது என்பதால் துத்தநாகம் போகும் வழியிலேயே அதுவும் வேருக்குள் நுழைந்துவிடும். செடியில் ஒரு வாட்டமும் தெரியாது. ஆனால் அதைச் சாப்பிடுபவருக்குக் கெடுதல் செய்யும் அளவு இலையில் ஏறியிருக்கலாம்.

“கழுவினால் போயிடும்” என்பது பாதிதான் உண்மை. ஈயம் மண்ணை இறுகப் பிடித்துக்கொள்ளும். செடிக்குள் போனாலும் பெரும்பாலும் வேரிலேயே நின்றுவிடும். இலையில் இருக்கும் ஈயத்தில் பெரும்பங்கு மேலே படிந்த தூசிதான், அதனால் நன்றாக அலசினால் குறையும். காட்மியமோ இலைக்குள்ளேயே இருப்பது, எத்தனை முறை அலசினாலும் வராது. வேரை மருந்துக்கு எடுப்பவர்கள் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். ஈயம் தங்குகிற இடமே வேர்தானே.

மண் பரிசோதனையில் உலோகத்தின் மொத்த அளவை மட்டும் பார்ப்பதும் போதாது, பி.எச். அளவையும், அதாவது மண் அமிலமா காரமா என்று காட்டும் எண்ணையும், கேட்டு வாங்குங்கள். ஒரே அளவு காட்மியம் இருந்தாலும் அமில மண்ணில்தான் செடி அதிகமாக உறிஞ்சும். அமிலத்தைக் குறைத்து பி.எச்.சைக் கூட்டச் சுண்ணாம்பு போடுவது நல்ல வழிதான். ஆனால் அதே மண்ணில் ஆர்செனிக் என்ற நச்சுப்பொருளும் இருந்தால் யோசித்துச் செய்யுங்கள். பி.எச். கூடும்போது ஆர்செனிக் மண்ணை விட்டு இளகி வரக்கூடும்.

அப்புறம், பச்சை இலையின் அளவைக் காய்ந்த சரக்குக்கான வரம்போடு ஒப்பிட்டு நிம்மதி அடையக் கூடாது. உலர்த்தும்போது தண்ணீர்தான் போகும், உலோகம் போகாது. 5 கிலோ இலை காய்ந்து 1 கிலோ ஆனால், ஒரு கிலோவில் இருக்கும் உலோகம் 5 மடங்காகிவிடும். உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டுதலில் வரும் வரம்புகள், அதாவது கிலோவுக்கு ஈயம் 10 மில்லிகிராம், காட்மியம் 0.3 மில்லிகிராம், உலர்ந்த மூலிகைக்கானவை.

தீவனத்தில் புல்லை மட்டும் சோதிப்பவர்கள் மண்ணை மறந்துவிடுகிறார்கள். புல் குட்டையாகிவிட்ட இடத்தில் மேயும் மாடு மண்ணையும் சேர்த்தே விழுங்கும். தீவனத்தில் போன காட்மியம் அதன் சிறுநீரகத்திலும் ஈரலிலும் வருடக்கணக்கில் சேரும், கறியை மட்டும் சோதித்தால் அது தெரியாது. மண்ணிலுள்ள உலோகத்தை உறிஞ்சி எடுத்து மண்ணைச் சுத்தப்படுத்துவதற்காகவே வளர்த்த செடிகளை, வீணாகப் போகிறதே என்று ஒருபோதும் மாட்டுக்குப் போடாதீர்கள். எருக்குழியிலும் கொட்டாதீர்கள், எடுத்த உலோகம் திரும்பவும் வயலுக்கே வந்துவிடும்.