மலையேற்ற இன்ஸ்ட்ரக்டர் ஆகணுமா? கிரேடுல கோட்டை விட்றாதீங்க

மலையேறக் கத்துக்கொடுக்கறதையே வேலையா எடுத்துக்க நினைக்கிறவங்க முதல்ல பாக்க வேண்டியது சர்டிபிகேட்ட இல்லங்க, அதுல போட்டிருக்கற கிரேட. உத்தரகாசி நேரு இன்ஸ்டிடியூட்டோ, 1954ல டார்ஜிலிங்ல ஆரம்பிச்ச எச்எம்ஐயோ (ஹிமாலயன் மவுண்டனியரிங் இன்ஸ்டிடியூட்), எங்க போனாலும் வரிசை இதுதான்: முதல்ல பேசிக் கோர்ஸ், கிட்டத்தட்ட ஒரு மாசம், அதுல ஏ கிரேடு வாங்குனாதான் அட்வான்ஸ் கோர்ஸ், அங்கயும் ஏ வந்தாதான் எப்படி கத்துக்கொடுக்கணும்னு சொல்லித்தர்ற எம்ஓஐ கோர்ஸ். பி கிரேடோட வந்தா மேல கதவு திறக்காது.

நல்லா ஏறுனா மட்டும் ஏ குடுத்துட மாட்டாங்க, கயித்துல முடிச்சு போடறது, பிலே (மேல ஏறுறவர் விழுந்துடாம கயித்தப் பிடிச்சுக் காக்கறது), மூட்டையத் தூக்கிட்டு நேரத்துக்கு வந்து சேர்றது, கூட இருக்கறவன் தளர்ந்தா என்ன பண்றீங்க, எல்லாத்தையும் கவனிப்பாங்க. அதனால கிளம்பறதுக்கு முன்னாடியே வீட்டுல தடிச்ச கிளவுஸ் மாட்டிக்கிட்டு, கண்ண மூடி, ஃபிகர் ஆஃப் எய்ட், க்ளோவ் ஹிட்ச்னு ரெண்டு கயித்து முடிச்சையும் போட்டுப் பழகுங்க. பாக்கறவங்க சிரிப்பாங்க, சிரிச்சுட்டுப் போகட்டும், பனியில விரல் மரத்துப்போனப்ப உதவப்போறது இந்தப் பழக்கம்தான்.

இன்னொண்ணு, இமயமலை சீசன் முக்கியமா ஏப்ரல்-ஜூன், அப்புறம் செப்டம்பர்-அக்டோபர், அவ்வளவுதான். மீதி மாசம் வருமானத்துக்கு பாதாமி, ஹம்பி பாறைகளும் சிட்டில ஏறிப் பழகறதுக்குன்னே கட்டியிருக்கற செயற்கைச் சுவர்களும்தான் கைகொடுக்கும், அதனால பனியோட நிறுத்தாம பாறையிலயும் கை நல்லா பழகியிருக்கணும்.